நாக்குக்கு ஒரு பரீட்சை

சகோதரி, உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் டீ போடுகிறீர்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் எழுந்தவுடன் எல்லோருக்கும் ஒரு சுற்று. மாமனாருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் தனியாக. பதினொரு மணிக்கு ஒன்று. சாயந்திரம் பிள்ளைகள் வந்ததும் ஒன்று. அத்துடன் பனியன் கம்பெனி நடத்தும் குடும்பமாகவும் இருந்துவிட்டால் கணக்கே கிடையாது. நூல்காரர் வந்தால் டீ, சாயப்பட்டறைக்காரர் வந்தால் டீ, துணி ஏற்ற வந்த வண்டிக்காரருக்கும் டீ. எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் மிஞ்சுவதை நீங்கள் கையில் எடுக்கும்போது அதன் மேல் ஆடை படிந்திருக்கும்.

சரி, அந்தத் தூளை வாங்கியது யார்? தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்த பையனாக இருக்கலாம். கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கண்டவுடன் அள்ளிக்கொண்டு வந்த வீட்டுக்காரராக இருக்கலாம். தினமும் அதைக் கொதிக்க வைத்து, மணத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடும் உங்கள் மூக்கையும் நாக்கையும் ஒருவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்கும்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயந்திரத்தை ஏற்பாடு செய்வது எப்படி என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

ஏற்றுமதி நிமித்தம் கணவருடன் ஐரோப்பாவுக்குப் போய்வந்த திருப்பூர்ப் பெண்மணிகள் சிலர், அங்கே 'ஒயின் சுவைக்கும் விருந்து' என்று ஒன்று நடப்பதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்துப் பேர் கூடுவார்கள். நாலைந்து புட்டிகளைத் துணியால் சுற்றி, எது என்ன என்று தெரியாமல் எண் மட்டும் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஊற்றி, முதலில் நிறத்தைப் பார்த்து, பிறகு முகர்ந்து, அப்புறம் வாயில் வைத்துச் சுழற்றி, தேர்ந்தவர்களானால் விழுங்காமல் துப்பிவிட்டு, தாளில் மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் துணியைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் வேடிக்கை.

"நம் வீட்டில் ஒயினா! அம்மணி என்ன சொல்லுது?" என்று பதறாதீர்கள். ஒயினை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நாம் கடன் வாங்கப் போவது அந்தத் துணியைத்தான், புட்டியை மறைக்கிற துணியை. அது எவ்வளவு பொல்லாத துணி என்பதற்கு ஒரு கதை உண்டு, கற்பனையல்ல, நடந்தது. 1976-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி, பாரிஸ் நகரில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு போட்டி வைத்தார். மதிப்பெண் கணக்கில் சேர்ந்த நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். அந்தத் துறையில் கரை கண்டவர்கள். பிரான்சின் பேர்பெற்ற ஒயின்களோடு, அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். முடிவைப் படித்தபோது வெள்ளை ஒயினிலும் சிவப்பு ஒயினிலும் முதலிடம் அமெரிக்காவுக்கு! நடுவர்களில் ஒரு பெண்மணி தம் மதிப்பெண் சீட்டையே திருப்பித் தரச் சொல்லிக் கேட்டாராம். பெயர் தெரிந்தால் நாக்கு அந்தப் பெயரைத்தான் சுவைக்கிறது. நமக்கும் அப்படித்தானே? கல்யாணத்தில் 'நெய் ஊத்துக்குளியிலிருந்து வந்தது' என்று யாராவது சொன்ன பிறகு மணக்காத நெய் உண்டா?

நமக்கு ஒயினுக்குப் பதில் டீ. அதற்கு நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள் கிடையாது. திருப்பூரில் காலையில் கிளம்பி அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் குன்னூர். அங்கே 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்கையும் முன்கூட்டியே சுவைத்துப் பார்த்து எடை போடுவதையே உத்தியோகமாக உடையவர்கள் அங்கு இருக்கிறார்கள். நீண்ட மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். அவர் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, துப்புகிற பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துகொண்டே இருப்பார். மரியாதைக் குறைவல்ல அது; காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். சுவையில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்தால் ரசமும் வெந்நீரும் ஒன்றாகத் தோன்றுவது இதனால்தான். தேநீரின் வடிசாற்றுக்கு அந்தத் தொழிலில் 'லிக்கர்' என்று பெயர். இதை மட்டும் வீட்டில் உரக்கச் சொல்லாதீர்கள். பெரியவர்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

இப்போது ஏற்பாட்டுக்கு வருவோம். சனிக்கிழமை வேண்டாம். திருப்பூரில் பலருக்கும் அது வாரச் சம்பள நாள். எந்த வீட்டிலும் மனசு ஒரு இடத்தில் இருக்காது. ஞாயிறு மாலை நாலு மணி நல்ல நேரம். அதற்கும் பிந்தினால் இத்தனை டீயைச் சுவைத்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் என்னைத் திட்டுவீர்கள். ஆறு பேர் போதும். எட்டுக்கு மேல் போனால் சந்தையாகிவிடும். வரும் ஒவ்வொருவரையும் தன் வீட்டில் போடும் தூளில் 20 கிராம், பெயர் போடாத வெள்ளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். செலவும் மிச்சம், தன் வீட்டுத் தூள் என்ற அக்கறையும் தானாக வந்துவிடும்.

ஆனால் எல்லாரும் ஒரே கம்பெனித் தூளைக் கொண்டுவந்துவிட்டால் பரீட்சை சப்பென்றாகிவிடும். அதனால் உங்கள் பங்குக்கு இரண்டு மூன்று வகைகள் வாங்கி வையுங்கள். ஒன்று, நீலகிரியின் முழு இலைத் தேயிலை, 'ஆர்த்தடாக்ஸ்' என்பார்கள். இலையை உருட்டி, முறுக்கிக் காயவைப்பது. சாயம் குறைவு, மணம் ஜாஸ்தி. மற்றொன்று, நாம் வழக்கமாக வாங்கும் குருணை போன்ற சி.டி.சி. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற இந்த முறை 1930-களில் அஸ்ஸாமில் பிறந்தது. சீக்கிரம் சாயம் இறங்கும். பால் ஊற்றினாலும் அசையாமல் நிற்கும். மூன்றாவதாக ஒரு அஸ்ஸாம் தூள் வையுங்கள். நீலகிரிச் சரக்கோடு ஒப்பிட அது வேண்டும்.

நீலகிரித் தூளில் எதை வாங்குவது என்று கேட்டால் என் கட்சி இது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசாங்கம் தோட்டம் போடத் தொடங்கியது. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி, பிறந்த ஊரைவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் பரவிய அந்தத் தோட்டங்கள்தான் 'டான்டீ'. அதே போல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் பச்சை இலையை வாங்கி அரைக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் நீலகிரியில் உண்டு. அவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமான 'இன்கோசர்வ்' 1965-இல் ஏற்பட்டது. இந்தத் தூள்களில் ஒன்றை வாங்கி எண் போட்டு வரிசையில் வையுங்கள். தயவுதாட்சண்யம் வேண்டாம், துணிக்குள் போனபின் அது தன் காலில் நிற்கட்டும். 'நீலகிரித் தேயிலையா, கலப்புக்கு ஊற்றுகிற சரக்குதானே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், பெயர் தெரியாதபோது என்ன எண்ணுக்கு மார்க் போடுகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

அடுத்தது அளவு. ஸ்பூன் கணக்கு உதவாது. குருணைத் தூள் ஒரு ஸ்பூனில் கனமாக இருக்கும். இலைத் தேயிலை அதே ஸ்பூனில் பஞ்சு மாதிரி. எடை போட்டே ஆகவேண்டும். அதற்குத் திருப்பூரில் பஞ்சமா? துணியின் ஜி.எஸ்.எம். பார்க்க வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடுத்து நிறுப்பார்களே, அந்தச் சின்ன எலக்ட்ரானிக் தராசு கம்பெனியில் இருந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வரட்டும். துணித் தூசியைத் துடைத்துவிட்டு, மேலே ஒரு காகிதம் போட்டு நிறுங்கள். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், கொதித்த உடனே ஊற்றி, மூடி வைத்து 6 நிமிஷம். சர்வதேசத் தர நிறுவனம் 1980-இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற எண்ணில் எழுதி வைத்த விதி இது. ஒரு டீ போட இத்தனை பக்கமா என்று உலகம் சிரித்தது. இதே விதியின் பிரிட்டிஷ் பதிப்புக்கு 1999-இல் 'இக் நோபல்' என்ற கேலிப் பரிசுகூடக் கிடைத்தது. சிரிக்கட்டும். விதியின் நோக்கம் ருசியான டீ அல்ல. எல்லாத் தூளையும் ஒரே மாதிரி நடத்துவது. ஆறு நிமிஷத்தில் டீ கடுப்பாகத்தான் இருக்கும். கெட்ட குணம் இருந்தால் அப்போதுதான் வெளியே வரும். சம்பந்தம் பேசும்போது நாம் நாலு வீடு விசாரிப்பதில்லையா, அந்த மாதிரி.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். நம் ஊரில் தண்ணீர் என்பது சின்ன வார்த்தையல்ல. நொய்யல் கரையில் சாயக் கழிவு இறங்கி, கிணறும் போரும் உப்பாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பொட்டுத் தண்ணீர் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆனதும் நம் வீடுகள் அறிந்த கதை. அந்த மாதங்களில் வேலை இல்லாமல் எத்தனை அடுப்பு அணைந்தது என்பதும் தெரியும். நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு நின்ற பெண்களுக்கு டீயில் தண்ணீரின் பங்கு என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடினத் தண்ணீரில் போட்ட டீயைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மேலே எண்ணெய் போல ஒரு படலம் மிதக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சாற்றோடு சேர்ந்து உண்டாக்குவது அது. சாயமும் மங்கிப் பழுப்படிக்கும். நல்ல தூளை வாங்கிவிட்டு 'இது சரியில்லை' என்று மாற்றிக்கொண்டே இருக்கும் வீடுகளில் பாதிக் குற்றம் தூளின் மேல் இல்லை.

ஆகவே ஒரே தூளை, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒன்றும், வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரத்துத் தண்ணீரில் ஒன்றும், கேன் தண்ணீரில் ஒன்றும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால் விருந்தில் மிகவும் பிரயோஜனமான சுற்று இதுதான். ஒன்று மட்டும் எச்சரிக்கை: குடிக்கப் பழகாத போர் தண்ணீரைப் பரீட்சைக்குக்கூட வாயில் வைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்திருக்கும் உப்பு எங்கும் போகாது.

வெளிச்சம்? சாயப்பட்டறையில் ஷேடு பார்க்க விளக்குப் பெட்டி வைத்திருப்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கடை விளக்கில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்த புடவை வெயிலில் வேறு நிறமாகிவிடுகிறதே! டீயின் நிறத்தையும் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், உள்ளே வெள்ளையான கிண்ணத்தில் பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் இதற்கு ஆகாது; நிறமும் தெரியாது, கையும் சுடும். நல்ல டீ செம்பு நிறத்தில் பளபளவென்று தெளிந்திருக்கும்.

இனி மணம். அன்று மட்டும் ஊதுவத்தி, சாம்பிராணி வேண்டாம். பக்கத்தில் வெங்காயம் தாளிக்கக் கூடாது. வருகிறவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வரக்கூடாது. சென்ட் பூசிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். மல்லிகைப் பூவும் கூடாது! ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒருத்தி வீட்டுக்கு வெறுந்தலையோடு போவதா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரே வழி, பூவை நீங்களே நிறைய வாங்கி ஈரத்துணியில் சுற்றி வேறு அறையில் வைத்துவிடுவது. விடைபெறும்போது தாம்பூலத்தோடு கொடுத்தால் ஒருவருக்கும் மனக்குறை இருக்காது.

டீயை ஊற்றுவது யார் என்பது அடுத்த கேள்வி. எந்த எண்ணில் எந்தத் தூள் என்று தெரிந்தவர் சுவைக்க உட்காரக் கூடாது. இது மீறக்கூடாத விதி. முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியானால் அடுக்களையில் தராசும் கடிகாரமும் வைத்துக்கொண்டு நிற்பவர் உங்கள் வீட்டுக்காரர்தான்! துணியில் கால் கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிறவர், 2 கிராம் தேயிலை நிறுக்கமாட்டாரா? நீங்கள் கூடத்தில், விருந்தாளிகளோடு விருந்தாளியாக உட்காருங்கள். உங்கள் கைக்குச் சூடான டீ வரும், முதல் கையாக. எழுந்து எழுந்து அடுக்களையை எட்டிப் பார்க்கக் கூடாது. இது கஷ்டம்தான், பழகிக்கொள்ளுங்கள்.

கிண்ணங்கள் எல்லாம் ஒரே செட்டாக இருக்கட்டும். நம் பக்கத்து டீக்கடைகளில் சாதி பார்த்து ஆளுக்கொரு டம்ளர் என்று பிரித்து வைத்த அநியாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. எண் கிண்ணத்துக்குத்தான், மனுஷருக்கு இல்லை. வீட்டுவேலைக்கு உதவியாக வரும் அக்காவையும், எதிர் லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்து குடியிருக்கும் தங்கையையும் கூப்பிட்டால், அதே கிண்ணத்தில் அவர்களுக்கும் கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். கூப்பிடவே சொல்வேன். நாள் முழுக்க டீக்கடையைப் பார்த்து வளர்ந்த நாக்கும், தேயிலை விளையும் சீமையில் பிறந்த நாக்கும் உட்கார்ந்தால் பரீட்சைக்கே ஒரு கௌரவம்.

எல்லோரும் உட்கார்ந்ததும் முதலில் பால் இல்லாத சுற்று. மணம் மென்மையான இலைத் தேயிலையில் ஆரம்பித்துக் காட்டமான தூளுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் பின்னால் வருவது வெந்நீராகத் தோன்றும். நடுநடுவே ஒரு வாய் வெறும் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பில்லாத பொரி. முறுக்கு, மிளகுக் காரம், மைசூர்பாகு எல்லாம் முடிந்த பிறகு. ஒவ்வொருவர் பக்கத்திலும் துப்ப ஒரு டம்ளர் வையுங்கள். கூச்சப்படுகிறவர்கள் விழுங்கிக்கொள்ளட்டும்.

சுவைக்கும்போது யாரும் வாய் திறந்து அபிப்பிராயம் சொல்லக் கூடாது. முதலில் பேசுகிறவர் பக்கம் மற்றவர்களின் நாக்கு சாய்ந்துவிடும். அத்தையம்மா "ரெண்டாம் நம்பர் நல்லாருக்குதுங்" என்று சொன்ன பிறகு எந்த மருமகள் மூன்றாம் நம்பரைப் புகழ்வாள்? ஆகையால் துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் எல்லோருக்குமே சீட்டை விட்டுவிட்டுப் புளியங்கொட்டை கொடுங்கள். ஆளுக்குப் பத்து. மறைப்புக்குப் பின்னால் வரிசையாக வைத்த எண் போட்ட செம்புகளில், பிடித்த அளவுக்குப் பங்கிட்டுப் போடட்டும். எண்ணிப் பார்க்கவும் சுலபம்.

என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நாலு வார்த்தை போதும். மணம் எப்படி? நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும் துவர்ப்பு சுறுசுறுப்பாக இருக்கிறதா, வெறும் கசப்பாக நிற்கிறதா? வாயில் கனமாக இருக்கிறதா, தண்ணீர் மாதிரி வழுக்குகிறதா? விழுங்கிய பிறகு என்ன மிச்சம்? அனுபவஸ்தர்கள் நூறு வார்த்தை வைத்திருக்கிறார்கள். நாம் 'மழை பெய்த மண்', 'புது வைக்கோல்', 'பழைய பெட்டி' என்று சொன்னாலும் தப்பில்லை. பழைய பெட்டி வாசனை அடித்தால் அந்தத் தூள் ஈரம் கண்டிருக்கிறது; வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, பால் சுற்று. இதற்கு ஒரு நல்ல விளையாட்டு வைத்திருக்கிறேன். 1920-களில் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நாள் டீ வேளை. புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் ஒரு கோப்பை ஊற்றி, பக்கத்திலிருந்த மூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானிப் பெண்மணியிடம் நீட்டினார். பாசியினங்களை ஆராய்ந்தவர் அந்த அம்மாள். "வேண்டாம், எனக்குப் பாலை முதலில் ஊற்றிய டீதான் பிடிக்கும்" என்றார். பால் முதலில் போனால் என்ன, டீ முதலில் போனால் என்ன, எப்படி வித்தியாசம் தெரியும் என்று ஃபிஷர் சிரித்தார். "எனக்குத் தெரியும்" என்று அந்த அம்மாள் விடவில்லை. சோதித்துவிடலாமே என்றார் அருகிலிருந்த வில்லியம் ரோச். (பின்னால் அந்த அம்மாளை மணந்துகொண்டவர் இவரே. நாக்கை நம்பிய மனிதர்!)

ஃபிஷர் அதைப் பெரிய விஞ்ஞானமாகவே ஆக்கிவிட்டார். 1935-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் அந்தச் சோதனையை எட்டுக் கோப்பைகளாக விவரித்தார். நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். வரிசை கலைத்து வைக்கவேண்டும். பால் முதலில் ஊற்றிய நாலையும் பொறுக்கி எடுக்கவேண்டும். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழிகள் உண்டு; சரியானது ஒன்றே ஒன்று. குருட்டாம்போக்கில் ஜெயிக்க எழுபதில் ஒரு வாய்ப்புத்தான். அப்படியும் ஜெயித்தால் அந்த நாக்குக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே இருந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னபடி, அம்மாள் எல்லாவற்றையும் சரியாகவே சொல்லிவிட்டாராம். மருந்துகளையும் விதைகளையும் சோதிக்கும் முறைகளைப் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் 'டீ சுவைத்த சீமாட்டி'யில்தான் தொடங்குகிறார்கள்.

வித்தியாசம் எதனால் என்று கேட்டால், சூடான டீயில் கொஞ்சம் கொஞ்சமாக விழும் பால் சட்டென்று மிகவும் சூடாகி அதன் புரதம் மாறிவிடுகிறது என்று இங்கிலாந்தின் ரசாயனக் கழகம் 2003-இல் விளக்கம் கொடுத்தது. பால் முதலில் இருந்தால் சூடு பதமாக ஏறுகிறது. நாம் பாலையும் தூளையும் சேர்த்தே கொதிக்க விடுகிறவர்கள். அதனால் இந்தச் சுற்றுக்கு மட்டும் டிகாஷனைத் தனியாக இறக்கி, காய்ச்சி ஆறிய பாலைத் தனியாக வைத்து விளையாடுங்கள். முதலில் ஒருவரை மட்டும் உட்கார வைத்து எட்டுக் கிண்ணம். ஏழு பேர் சுற்றி நின்று பார்க்கும்போது யார் உட்காருவது என்று தயங்குவார்கள். அந்த வீட்டில் தினமும் யார் டீ போடுகிறாளோ அவளே உட்காரட்டும். நாலில் மூன்று சொன்னாலும் கைதட்டுங்கள். ஆனால் மூன்று சொல்வது அதிர்ஷ்டத்திலும் நடக்கும் என்று ஃபிஷர் எச்சரித்திருக்கிறார். நாலும் சொன்னால் மறுநாள் முதல் தூள் வாங்கும் உரிமை அவளுடையது என்று முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் எண்களைப் பிரிக்கும்போது ஒரு இங்கிதம் தேவை. முதலில் வந்தது எது, அது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று சொல்லுங்கள். கடைசியில் வந்தது யார் வீட்டுத் தூள் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டாலும்! எத்தனையோ பேர் தன் வீட்டுத் தூளுக்கே புளியங்கொட்டை போடாமல் விட்டிருப்பார்கள். அது அவரவர் மனசுக்குள் இருக்கட்டும்.

சாயம் கலந்த தூளோ என்ற சந்தேகம் எதன் மேலாவது வந்தால், அப்போதே தீர்த்துக்கொள்ள வழி உண்டு. வெள்ளை மை ஒற்றும் காகிதத்தையோ வடிகட்டும் காகிதத்தையோ நனைத்து, மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவி, கொஞ்சம் பொறுத்து உதறிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தேயிலை சட்டென்று சாயம் விடாது. கலப்படத் தூள் என்றால் காகிதத்தில் கோடு கோடாக நிறம் இழுக்கும். காந்தத்தை மேலே காட்டினால் இரும்புத் தூள் இருப்பதும் தெரிந்துவிடும். சாயத்தில் பிழைக்கிற ஊர்க்காரர்களை டீத்தூளில் சாயம் போட்டு ஏமாற்றுவதா?

இப்போது முறுக்கும் மைசூர்பாகும் வரலாம். அவரவர் வழக்கம்போலப் பாலும் சர்க்கரையுமாய்க் கொதிக்க வைத்த ஒரு டீயும் ஆகட்டும். ஏலக்காய் தட்டிப் போட்டாலும் இனி யாரும் குறை சொல்லப்போவதில்லை. பூவும் தாம்பூலமும் கொடுத்து வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால் முதல் சுற்றின் சக்கை ஒரு பாத்திரம் நிறைய இருக்கும். பாலும் சர்க்கரையும் படாத சக்கை, எறும்பு வராது. ஒரு நாள் உலரவிட்டு ரோஜாத் தொட்டியில் மண்ணோடு கிளறிவிடுங்கள்.